மாகாணக் கட்சிக்குப் புதிய தலைவர்: உறுப்பினர் படிவம் நிரப்பியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்ராறியோவில் ஏதாவது ஒரு கட்சித் தலைவர் பதவி விலகினால் போதும், இரண்டு வாரத்துக்குள் நம் தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கிவிடும். "அண்ணா, ஒரு மெம்பர்ஷிப் போட்டுவிடுங்கோ, வீட்டில் எத்தனை பேர்?" ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இந்த அழைப்பு வராத தமிழ் வீடு குறைவு. இப்படியான போட்டிகளில் நான் தொண்டராக வேலை செய்திருக்கிறேன். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. கதவைத் தட்டும்போதும் தொலைபேசியிலும் மக்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்கள்தான் இவை.

கட்சித் தலைவரைத் தெரிவு செய்வது யார்? எம்.பி.பி.க்கள் தானே?

இல்லை. மாகாணப் பாராளுமன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள் கூடித் தலைவரைத் தெரிவு செய்த காலம் போய் மிக நீண்ட காலமாகிவிட்டது. இன்று ஒன்ராறியோவின் பெரிய கட்சிகள் மூன்றிலும் (கன்சவேட்டிவ், லிபரல், என்.டி.பி. எனப்படும் புதிய ஜனநாயகக் கட்சி) கட்சி உறுப்பினர்கள்தான் தலைவரைத் தெரிவு செய்கிறார்கள். ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. லிபரல் கட்சி மட்டும் பேராளர் மாநாட்டு முறையை நீண்டகாலம் வைத்திருந்தது. அதுவும் 2023இல் மாறிவிட்டது.

எம்.பி.பி.க்களுக்கு மிஞ்சியிருக்கும் வேலை, இடைக்காலத் தலைவர் விடயத்தில் பேசுவது. தலைவர் போய், புதியவர் வரும் வரைக்கும் சட்டமன்றத்தில் கேள்வி கேட்க ஒருவர் வேண்டுமே. 2018 ஜனவரி 25 அதிகாலையில் கன்சவேட்டிவ் தலைவர் பற்றிக் பிரவுன் பதவி விலகியபோது, மறுநாளே விக் ஃபெடெலியை கன்சவேட்டிவ் எம்.பி.பி.க்கள் இடைக்காலத் தலைவராக்கினார்கள். லிபரல் கட்சியில் ஜோன் ஃபிரேசர் இந்தப் பொறுப்பை ஒரு தடவைக்கு மேல் சுமந்திருக்கிறார்.

இதற்குச் சட்டம் எதுவும் இல்லையா? கட்சி நினைத்தபடி செய்யலாமா?

பணத்துக்குச் சட்டம் இருக்கிறது. போட்டியிடுபவர், மாகாணத் தேர்தல்களை நடத்தும் எலெக்ஷன்ஸ் ஒன்ராறியோவில் பதிவு செய்ய வேண்டும், நன்கொடைக் கணக்குக் காட்ட வேண்டும். நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் 2017 முதல் பணம் கொடுக்க முடியாது. தனி ஆள் கொடுப்பதற்கும் உச்சவரம்பு உண்டு.

ஆனால் யார் வாக்களிக்கலாம், எப்படி எண்ணுவது, யாரைப் போட்டியில் சேர்ப்பது என்பதெல்லாம் கட்சியின் யாப்பும், அந்தப் போட்டிக்கென்று அமைக்கப்படும் குழுவும் தீர்மானிப்பவை. இதைச் சிறிய விடயமாக எடுக்க வேண்டாம். விதி எழுதுகிறவரின் கையில் பாதிப் போட்டி இருக்கிறது. உறுப்பினர் சேர்க்கையின் கடைசித் தேதியை ஒரு மாதம் முன்னுக்குத் தள்ளினால், வெளியில் இருந்து புதிதாக ஆள் சேர்க்க வேண்டியவர் தோற்றுப்போவார்.

அப்படியென்றால் கட்சிக்குப் பிடிக்காதவரை வெளியே தள்ளலாமா?

தள்ளியிருக்கிறார்கள். 2022இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆளும் கட்சியான என்.டி.பி.யின் தலைமைப் போட்டியில் இரண்டே பேர்தான் நின்றார்கள்: அமைச்சராக இருந்த டேவிட் ஈபியும், மதுரையில் பிறந்து சிறு வயதில் கனடா வந்த காலநிலைச் செயற்பாட்டாளர் அஞ்சலி அப்பாத்துரையும். அஞ்சலிக்காக ஏராளமானோர் புதிதாக உறுப்பினராகச் சேர்ந்தார்கள். வெளி அமைப்பொன்றுடன் சேர்ந்து முறைகேடாக ஆள் சேர்த்தார் என்று கட்சியின் தேர்தல் அதிகாரி அறிக்கை கொடுக்க, அந்த ஒக்டோபரில் கட்சி அவரைத் தகுதி நீக்கியது. ஈபி போட்டியின்றித் தலைவரானார், அடுத்த மாதம் முதல்வருமானார். ஒரு வாக்குக்கூடப் போடப்படவில்லை.

அறிக்கையில் சொன்னது சரியா பிழையா என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் படுவது இதுதான். ஒரு மாகாணத்தின் முதல்வர் யார் என்பதையே முடிவு செய்யும் இடத்தில், ஆயிரக்கணக்கான உறுப்பினர்களின் கையில் இருந்து வாக்கை எடுத்துவிடுவது மிகக் கனமான முடிவு. அதைச் செய்யும் அதிகாரம் கட்சிக்குள்ளேயே இருக்கும் சிலரிடம் இருப்பது எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

யார் வேண்டுமானாலும் போட்டியிடலாமா?

காகிதத்தில் ஆம். நடைமுறையில், கையொப்பங்கள் திரட்ட வேண்டும், கட்சியின் பின்னணிச் சோதனையைத் தாண்ட வேண்டும், பெருந்தொகை கட்ட வேண்டும். 2023 லிபரல் போட்டியில் நுழைவுக் கட்டணமே 100,000 டொலர். சட்டமன்ற உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. பற்றிக் பிரவுன் 2015 மே மாதம் தலைவரானபோது அவருக்கு ஆசனம் இல்லை. செப்ரெம்பரில் ஓர் இடைத்தேர்தலில் வென்றுதான் உள்ளே போனார். டக் ஃபோர்ட்டும் தலைவரானபோது ஆசனம் இல்லாதவர்தான்.

எல்லோருக்கும் இது வாய்க்காது. கன்சவேட்டிவ் தலைவராக இருந்த ஜோன் ரோரி 2007 பொதுத்தேர்தலில் தான் நின்ற தொகுதியில் தோற்றார். 2009 மார்ச்சில் வேறொரு தொகுதி இடைத்தேர்தலில் நின்று அதிலும் தோற்றார். அத்தோடு தலைமையும் போயிற்று.

ஒரே ஒருவர்தான் நின்றால்?

அவரே தலைவர். மரிற் ஸ்ரைல்ஸ் இப்படித்தான் ஒன்ராறியோ என்.டி.பி.யின் தலைவரானார். வேறு யாரும் களத்துக்கு வராததால் 2023 பெப்ரவரி 4 அன்று உறுதி செய்யப்பட்டார்.

நான் கனடியக் குடிமகன் இல்லை. மகளுக்கு 15 வயது. நாங்கள் வாக்களிக்கலாமா?

பொதுத்தேர்தலில் முடியாது. கட்சித் தலைவர் தெரிவில் பெரும்பாலும் முடியும். லிபரல், கன்சவேட்டிவ் இரண்டிலும் 14 வயதானால் உறுப்பினராகலாம். ஒன்ராறியோவில் வசிப்பதுதான் முக்கிய நிபந்தனை. குடியுரிமை வேண்டும் என்று எல்லா இடத்திலும் கேட்பதில்லை. ஆனால் இந்த விதி போட்டிக்குப் போட்டி மாறும் ஒன்று. படிவத்தில் நீங்கள் ஒப்பமிடும் உறுதிமொழியை வாசித்துப் பாருங்கள், அதில்தான் உண்மையான விதி இருக்கும்.

15 வயதுப் பிள்ளையை இதில் சேர்ப்பது வீண் வேலை என்று நினைக்கிற பெற்றோரைக் கண்டிருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு வீட்டில் தாய் தன் வாக்கை மகளிடம் காட்டி, "இவர் பாடசாலைக்கு என்ன செய்வார் என்று சொல்லியிருக்கிறார், தேடிப் பார்" என்றார். மகள் மூன்று வேட்பாளர்களின் பேச்சையும் கேட்டுவிட்டு, தாய்க்கு எதிராக வாக்களித்தாள். அந்த வீட்டில் அன்றிரவு நல்ல சண்டை. எனக்கோ சந்தோசம்.

நான் ஏற்கனவே மத்திய லிபரல் கட்சியில் இருக்கிறேன். இங்கேயும் தானாகவே உறுப்பினரா?

இல்லை. இந்தக் குழப்பத்தால் கடைசித் தேதியைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். மத்திய லிபரல் கட்சியும் ஒன்ராறியோ லிபரல் கட்சியும் 1976இலிருந்து தனித்தனி அமைப்புகள். 2025 மார்ச்சில் மார்க் கார்னி தெரிவான போட்டியில் நீங்கள் வாக்களித்திருந்தாலும், மாகாணப் போட்டிக்குத் தனியாகப் பதிய வேண்டும். கன்சவேட்டிவ் பக்கமும் அப்படித்தான். என்.டி.பி. மட்டும் வேறு மாதிரி. ஒன்ராறியோவில் மாகாணக் கட்சியில் சேர்ந்தால் மத்திய கட்சியிலும் சேர்ந்தவராவீர்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மாகாணக் கட்சிகளில் இருக்க முடியாது. "எல்லாருக்கும் ஒவ்வொன்று போட்டு வைப்பம்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

100 புள்ளி என்கிறார்களே, அது என்ன? அதிக வாக்கு எடுத்தவர் வெல்ல வேண்டியதுதானே?

இதை விளங்கிக்கொண்டால் மற்றது எல்லாம் இலகு. கன்சவேட்டிவ், லிபரல் கட்சிகளில் ஒவ்வொரு தொகுதிக்கும் 100 புள்ளி. ஒன்ராறியோவில் 124 தொகுதிகள். ஒரு தொகுதியில் விழுந்த வாக்குகளில் ஒருவருக்கு எத்தனை சதவீதமோ அத்தனை புள்ளி அவருக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்காபரோவில் ஒரு தொகுதியில் 2,000 பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு வாக்கின் பெறுமதி 0.05 புள்ளி. வடக்கே ஒரு தொகுதியில் 100 பேர் மட்டும் வாக்களித்தால், அங்கே ஒரு வாக்குக்கு ஒரு முழுப் புள்ளி. அதாவது சட்பரிப் பக்கம் படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட உங்கள் மருமகனின் ஒரு வாக்கு, இங்கே இருக்கிற 20 பேரின் வாக்குக்குச் சமமாகலாம். நம்மவர்கள் ஒரே மூன்று நான்கு தொகுதிகளில் ஆயிரக்கணக்கில் படிவம் சேர்த்துவிட்டு, "இவ்வளவு பேரைச் சேர்த்தோமே, எங்கள் ஆள் ஏன் தோற்றார்" என்று கேட்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. தொகுதி நிரம்ப நிரம்ப வாக்கின் எடை குறைகிறது.

இந்த முறை நியாயமா? வடக்கிலும் கிராமப்புறத்திலும் ஆதரவில்லாத ஒருவர், ரொறன்ரோவில் மட்டும் ஆள் திரட்டித் தலைவராகிவிடக் கூடாது என்பதுதான் காரணம். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும், பெரிய தொகுதியில் வசிப்பவருக்கு இது கசக்கத்தான் செய்யும்.

2018 கன்சவேட்டிவ் தலைமைப் போட்டியில் இது கண் முன்னே நடந்தது. டக் ஃபோர்ட்டுக்கு 6,202 புள்ளி, கிறிஸ்ரின் எலியற்றுக்கு 6,049. ஆனால் தலை எண்ணிக்கையில் அதிக வாக்கு எலியற்றுக்கு. அதிக தொகுதிகளும் அவருக்குத்தான். மார்ச் 10ஆம் தேதி மார்க்கத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் முடிவுக்காகக் காத்திருந்த கூட்டத்தை, மணிக்கணக்கில் இருக்க வைத்துவிட்டு, மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாக்குகள் எந்தத் தொகுதிக்கு உரியவை என்று தகராறு. இரவுதான் ஃபோர்ட் வென்றதாக அறிவித்தார்கள். எலியற் மறுநாள் ஏற்றுக்கொண்டார். மூன்று மாதம் முடிவதற்குள், ஜூன் 7 பொதுத்தேர்தலில் ஃபோர்ட் பெரும்பான்மை எடுத்தார், அந்த மாதக் கடைசியில் முதல்வரும் ஆகிவிட்டார். தலைமைப் போட்டியில் அவரை முன்னுக்குக் கொண்டுவந்தது, 124 தொகுதிகளில் மொத்தமாக 153 புள்ளி வித்தியாசம்.

மனிரோபா கன்சவேட்டிவ் கட்சியிலும் 2025 ஏப்ரலில் இதே கதை. வோலி டோட்ரிக்குக் கொஞ்சம் கூடுதல் வாக்கு, ஆனால் புள்ளியில் ஒபி கான் முந்தித் தலைவரானார்.

1, 2, 3 என்று போடச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தவருக்கு மட்டும் 1 போட்டுவிட்டு விட்டால் போதாதா?

செல்லும். ஆனால் உங்கள் ஆள் முதலில் வெளியேறினால் உங்கள் வாக்கும் அத்தோடு முடிந்துவிடும். எண்ணுவது இப்படி: எல்லோரின் முதல் தெரிவையும் எண்ணுவார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருக்கு 1 போட்டவர்களின் வாக்கை அவரவரின் 2ஆம் தெரிவுக்கு மாற்றுவார்கள். பாதியைத் தாண்டும் வரைக்கும் இது தொடரும்.

அதே 2018ஐயே எடுங்கள். நான்கு பேர். முதல் சுற்றில் எலியற் முன்னுக்கு, ஃபோர்ட் இரண்டாவது, கரோலின் மல்றோனி மூன்றாவது, ரான்யா கிரானிக் அலன் கடைசி. கிரானிக் அலன் நீங்கியதும் அவருடைய ஆதரவாளர்களின் இரண்டாம் தெரிவு பெரும்பாலும் ஃபோர்ட்டுக்குப் போய், ஃபோர்ட் முன்னுக்கு வந்தார். அடுத்து மல்றோனி நீங்க, அவருடையவை எலியற் பக்கம் கூடுதலாகப் போயும், அந்த இடைவெளியை நிரப்பவில்லை. கடைசியாக வந்தவரின் ஆதரவாளர்கள் இட்ட "2" தான் இன்றைய முதல்வரைத் தந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

ஆகவே யாராவது "எங்கள் ஆளுக்கு மட்டும் போடுங்கோ, மற்றதை வெறுமையாக விடுங்கோ" என்று சொன்னால், அது அவர்களுக்கு நல்லது, உங்களுக்கு நல்லதல்ல. 2ஆம் தெரிவை யோசித்துப் போடுவதால் உங்கள் 1ஆம் தெரிவுக்கு எந்தப் பாதிப்பும் வராது. அவர் போட்டியில் இருக்கும் வரை உங்கள் 2ஐ யாரும் தொடுவதில்லை.

முன்பு தொலைக்காட்சியில் பெரிய மாநாடு காட்டுவார்களே, அந்த முறை என்ன ஆயிற்று?

அதுதான் பேராளர் மாநாடு. தொகுதி உறுப்பினர்கள் பேராளர்களைத் தெரிவு செய்து அனுப்புவார்கள். முதல் சுற்றில் பேராளர் தான் வாக்குக் கொடுத்தவருக்கே போட வேண்டும், அதற்குப் பிறகு மனம் போல. அந்த மண்டபத்தில் ஒரு வேட்பாளர் தன் கொடியோடு எழுந்து இன்னொருவரின் பக்கம் நடந்து போவதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

1996 லிபரல் மாநாட்டில் டால்டன் மக்கின்ரி முதல் சுற்றில் நாலாம் இடம். முன்னணியில் இருந்தவர் ஜெரார்ட் கெனடி. சுற்றுச் சுற்றாகப் போய், விடியப்புறம் ஐந்தாம் சுற்றில் மக்கின்ரி வென்றார். எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்தவர் அவர். 2003இல் முதல்வரானார்.

2013 ஜனவரி 26இல், அப்போது ஆட்சியில் இருந்த லிபரல் கட்சியின் மாநாடு. ரொறன்ரோவின் பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் மண்டபத்தில், முதல் சுற்று சண்ட்ரா பப்பற்றெல்லோ 599, கதலின் வின் 597. இரண்டே வாக்கு. பிறகு சார்ள்ஸ் சூசாவும் கெனடியும் வின் பக்கம் வந்தார்கள், மூன்றாம் சுற்றில் 1,150க்கு 866 என்று வின் வென்றார். ஒன்ராறியோவின் முதலாவது பெண் முதல்வர் இப்படித்தான், பொதுத்தேர்தல் எதுவும் இல்லாமலே, பெப்ரவரி 11இல் பதவியேற்றார்.

எனக்கு அந்த மாநாடுகள் மீது இன்றும் ஓர் ஆசை இருக்கிறது. ஆனால் பயணச்செலவு, ஹோட்டல், பேராளர் கட்டணம் என்று பார்த்தால், ஷிஃப்ட் வேலை செய்யும் ஒருவரால் அங்கே போக முடியாது. முறை மாறியது நல்லதுக்குத்தான்.

உறுப்பினர் கட்டணத்தை ஆள் சேர்ப்பவரே கட்டிவிடுகிறேன் என்கிறார். பரவாயில்லையா?

வேண்டாம். பத்து டொலர்தானே என்று நினைக்காதீர்கள். கட்டணம் வாங்கும் கட்சிகள், அதை உறுப்பினர் தன் காசில் கட்ட வேண்டும் என்றே விதி வைக்கின்றன. வேறொருவர் கட்டியது தெரியவந்தால் உங்கள் வாக்கும் போகும், அந்த வேட்பாளருக்கும் பிரச்சினை. லிபரல் கட்சியில் உறுப்புரிமை இலவசம், அங்கே இந்தக் கேள்வியே வராது.

இன்னொன்று. படிவத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலையும் சொந்தத் தொலைபேசி எண்ணையும் மட்டுமே எழுதுங்கள். சேர்ப்பவரின் மின்னஞ்சலை எழுதினால் வாக்களிக்கும் இரகசிய எண் அவருக்குத்தான் போகும். அதற்குப் பிறகு உங்கள் வாக்கை யார் போட்டார் என்று உங்களுக்கே தெரியாது. நம் சமூகத்தில் இது நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. ஒப்பமிட்ட மனிதர் தன் வாக்கு பறிபோனதை அறியாமலே, "நான் போட்டுவிட்டேன் தம்பி, மாமா எல்லாம் பார்த்துக்கொண்டார்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

சேர்ந்தாயிற்று. இனி என்ன?

இனித்தான் வேலை. 2023 லிபரல் போட்டியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தார்கள். வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர் மட்டுமே. ஐந்தில் நாலு பேர் படிவத்தோடு நின்றுவிட்டார்கள். பொனி குறொம்பி மூன்றாம் சுற்றில் 53 சதவீதப் புள்ளியோடு நதானியல் எர்ஸ்கின்-ஸ்மித்தை வென்றார். வராமல் விட்ட அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பங்கு வந்திருந்தாலும் முடிவு எப்படி இருந்திருக்குமோ.

வாக்களிப்பு சில போட்டிகளில் நேரில், சிலவற்றில் தபாலில், சிலவற்றில் இணையத்தில். 2018 கன்சவேட்டிவ் போட்டியில் இணையம்: தபாலில் ஓர் இரகசிய எண் வரும், அதை வைத்துப் பதிந்து, அடையாள அட்டையைப் படமெடுத்து ஏற்றி, பிறகு வாக்களிக்க வேண்டும். கடிதம் நேரத்துக்கு வரவில்லை என்று பலர் குமுறினார்கள். வாக்களிப்பை நீட்டக் கேட்டு நீதிமன்றம் போயும் பலிக்கவில்லை.

வென்றவர் எவ்வளவு காலம் இருப்பார்?

பொதுத்தேர்தலில் தோற்றால், தலைமையைத் தொடரலாமா என்று கட்சி பேராளர்களிடமோ உறுப்பினர்களிடமோ கேட்பது வழக்கம். பாதிக்கு மேல் எடுத்தால் விதிப்படி தப்பலாம், ஆனால் மானப்படி தப்ப முடியாது. தேர்தலில் தோற்காதவரிடமும் சில நேரம் கேட்பதுண்டு: அல்பேர்ட்டாவில் முதல்வராக இருந்த ஜேசன் கெனி 2022 மேயில் 51.4 சதவீதம் எடுத்தார். அதே இரவு விலகுவதாக அறிவித்தார். குறொம்பி 2025 செப்ரெம்பரில் 57 சதவீதம் எடுத்தார், அவரும் அன்றே விலகும் முடிவைச் சொன்னார். எழுபதுக்குக் கீழே போனால் கட்சிக்குள் முணுமுணுப்புத் தொடங்கிவிடும் என்பது தொண்டர்களாகிய எங்கள் கணக்கு.

முடிவை எதிர்த்து வழக்குப் போடலாமா?

போடலாம், வெல்வது கடினம். 2021இல் மனிரோபாவின் அன்றைய ஆளும் கன்சவேட்டிவ் கட்சித் தலைமைப் போட்டியில் ஹெதர் ஸ்ரெஃபான்சன் 363 வாக்குகளால் வென்று முதல்வரானார். தோற்ற ஷெலி குளோவர் நீதிமன்றம் போனார். மனு தள்ளுபடியானது.

வாக்களிக்கும் வாரத்தில் நான் கையில் வைத்திருக்க வேண்டியவை?

முகவரி உள்ள அடையாள அட்டை. சாரதி அனுமதிப்பத்திரத்தில் பழைய முகவரி என்றால், இப்போதைய முகவரியைக் காட்டும் ஒரு வங்கிக் கடிதமோ மின்சாரக் கட்டணச் சிட்டையோ. உறுப்பினரான நாளில் வந்த மின்னஞ்சல். அப்புறம், தபால்பெட்டியைத் தினமும் பாருங்கள். நான் அழைத்த ஓர் அன்ரி, கட்சியின் சின்னம் போட்ட உறையை விளம்பரம் என்று நினைத்து, பீற்சாக் கடைத் துண்டுப்பிரசுரங்களோடு மறுசுழற்சிப் பெட்டியில் போட்டிருந்தார். புதன்கிழமை காலை லொறி வருவதற்கு முன் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி எடுத்தார். அன்று மாலை சமையலறை மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னைத் தொலைபேசியை வைக்கச் சொல்லிவிட்டு, 1 முதல் 4 வரை தானே இலக்கமிட்டார். யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.